கோடியக்கரையில் காமிராவோடு இரண்டு நாள்

தமிழ்நாட்டுப் படத்தை எடுத்து விரித்துப் பாருங்கள். கிழக்குக் கடற்கரை சென்னையிலிருந்து தெற்கே இறங்கி வருகிறது. நாகப்பட்டினத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும், திடீரென்று மேற்கே மடங்கிவிடுகிறது. முழங்கையை மடக்கியது போல் இருக்கும் அந்த மூலைதான் கோடியக்கரை.

ஒரு பக்கம் வங்காள விரிகுடா. மறு பக்கம் பாக் ஜலசந்தி. நடுவே காடு, புல்வெளி, உப்பளம், சேற்று நிலம்.

கல்கியின் "பொன்னியின் செல்வன்" படித்தவர்களுக்கு இந்த இடம் புதிது அல்ல. பூங்குழலி படகு ஓட்டிய கோடிக்கரை இதுதான்.

பூங்குழலி கதையில் வருகிறவள். ஆனால் கதையைவிட ஆச்சரியமான விருந்தாளிகள் நிஜமாகவே இங்கே வருகிறார்கள். அவர்கள் கையில் பாஸ்போர்ட் இல்லை. கப்பல் ஏறுவதில்லை. விமானம் ஏறுவதில்லை. பனி மூடிய சைபீரியாவில் இருந்து, சொந்தச் சிறகை நம்பிப் பறந்து வருகிறார்கள்!

அந்தப் பறவைகளையும், அங்கே உள்ள மான்களையும் பார்க்க, படம் பிடிக்க, ஜனவரி மாதத்தில் இரண்டு நாள் போயிருந்தேன். பார்த்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

எப்படிப் போவது?

முதலில் வேதாரண்யம் போகவேண்டும். 1930-ம் ஆண்டில், ராஜாஜி திருச்சியில் இருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பு எடுத்தாரே, அந்த வேதாரண்யம்தான். அங்கிருந்து தெற்கே சுமார் 10 கிலோ மீட்டர் தூரம்.

வழியில் உப்பளங்கள் இருக்கின்றன. பாத்தி பாத்தியாகத் தண்ணீர். வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். அதைத் தாண்டினால் காடு தொடங்குகிறது.

1967-ம் ஆண்டில் இந்த இடத்தை வனவிலங்குச் சரணாலயம் ஆக்கினார்கள். முக்கியமாக வெளிமானைக் காப்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. 2002-ம் ஆண்டில் இது "ராம்சார்" பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டில் இருந்து அந்தப் பட்டியலில் முதலில் சேர்ந்த இடம் இதுவே.

ராம்சார் என்பது ஈரான் நாட்டில் உள்ள ஓர் ஊர். நீர் தேங்கும் நிலங்களைக் காப்பாற்ற, 1971-ல் பல நாடுகள் அங்கே கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. அந்த ஊரின் பெயரே ஒப்பந்தத்துக்கும் பெயர் ஆகிவிட்டது.

எனக்கு வழிகாட்ட ஓர் உள்ளூர்க்காரர் வந்தார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். வன இலாகாவில் காவலராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். காலில் செருப்பு இல்லை. கையில் ஒரு குச்சி. கண் மட்டும் கழுகுக் கண்!

"பெரிய காமிராவா இருக்கே சார்" என்றார். "ஆனா, இங்கே காமிராவைவிடப் பொறுமைதான் பெரிசு."

அவர் சொன்னதன் அர்த்தம் மறுநாள்தான் முழுதாக விளங்கியது.

கறுப்புக் கோட்டு மாப்பிள்ளை

முதல் நாள் மாலை புல்வெளிக்குப் போனோம். மழைக் காலம் முடிந்து, புல் பச்சைப் பசேலென்று இருந்தது. தூரத்தில் ஏழெட்டு மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. வெளிமான்கள்!

பெண் மானுக்கு வெளிறிய பழுப்பு நிறம். கொம்பு இல்லை. ஆண் மானுக்கு முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. கண்ணைச் சுற்றிலும் வெள்ளை வளையம். தலையில் திருகு திருகாக இரண்டு நீண்ட கொம்புகள். கறுப்புக் கோட்டுப் போட்ட மாப்பிள்ளை போல் நிமிர்ந்து நின்றது.

ஆண் குட்டி பிறக்கும்போது பழுப்பாகத்தான் இருக்கும். வயது ஏற ஏறத்தான் கறுப்பு ஏறும். எவ்வளவு கறுப்போ, அவ்வளவு பெரிய மனிதர் என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் நேராக நடக்கப் போனேன். காவலர் என் கையைப் பிடித்தார்.

"நேரா போனா, புலி வருதுன்னு நினைக்கும். சாய்வா நடங்க. அது தலையைத் தூக்கினா நின்னுடுங்க. அது குனிஞ்சு மேய்ஞ்சா, நாலு அடி வைங்க."

அப்படியே செய்தோம். இருபது நிமிடத்தில் நூறு அடி நகர்ந்திருப்போம். அங்கேயே உட்கார்ந்துவிட்டோம். அதற்கு மேல் போகவில்லை. நீண்ட லென்சு மீதித் தூரத்தைப் பார்த்துக்கொண்டது.

சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அந்த மஞ்சள் வெயில் மானின் மேல் விழுந்தபோது, கறுப்புத் தோல் பட்டுப் போல் மின்னியது. காமிரா அடுத்தடுத்து நாலு தடவை "கிளிக்" என்றது. மான் காதை ஆட்டியது. மறுபடியும் மேயத் தொடங்கியது.

மான் மேய்வதை நிறுத்தவில்லை. படமும் கிடைத்துவிட்டது. இரண்டும் நடந்ததில் எனக்கு மிகவும் சந்தோஷம்.

மானுக்கு வந்த மூன்று தொல்லைகள்

வெளிமானுக்கு எதிரியோடு சண்டை போடத் தெரியாது. அதற்கு இரண்டே ஆயுதங்கள்: கூர்மையான கண், வேகமான கால். மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் கூட ஓடும் என்கிறார்கள். மிரண்டுவிட்டால் முதலில் ஒரு மான் துள்ளும். பிறகு கூட்டமே துள்ளித் துள்ளி ஓடும்.

இந்த இரண்டு ஆயுதங்களும் திறந்த வெளியில்தான் செல்லும். புதருக்குள் செல்லாது.

ஆனால், கோடியக்கரைப் புல்வெளிக்குள் சீமைக் கருவேலம் நுழைந்துவிட்டது. இது அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்த மரம். ஒரு விதை விழுந்தால் போதும், புதராக மண்டிவிடும். அடியில் புல் வளரவிடாது. வெட்ட வெட்டத் துளிர்க்கும். இது முதல் தொல்லை.

இரண்டாவது தொல்லை, மட்டக் குதிரைகள். எப்போதோ மனிதர்கள் வளர்த்து விட்டுவிட்ட குதிரைகளின் பேரன் பேத்திகள் இவை. இப்போது காட்டிலேயே கூட்டமாகத் திரிகின்றன. மான் தின்னும் புல்லையே குதிரையும் தின்கிறது. மான் குடிக்கும் தண்ணீரையே குதிரையும் குடிக்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் பந்தியில் மானுக்குப் போட்டி!

மூன்றாவது, புயல். 2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில், "கஜா" புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. வீடு, தென்னை, படகு என்று ஒன்றும் தப்பவில்லை. காட்டிலும் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. மான்களும் குதிரைகளும் மாண்டன.

"அந்த ராத்திரிக்கு அப்புறம் காட்டுக்குள்ளே வந்தேன் சார். எந்தப் பாதை எங்கே போகுதுன்னு எனக்கே தெரியலை" என்றார் காவலர். பிறந்தது முதல் அந்தக் காட்டில் நடந்தவர் அவர்!

தலைகீழாகச் சாப்பிடும் பறவை

மறுநாள் விடியும்முன் கிளம்பி, சேற்று நிலத்துக்குப் போனோம். பனி விலகியதும், தண்ணீருக்கு மேல் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. பைனாகுலரை எடுத்துப் பார்த்தேன். அத்தனையும் பூநாரைகள்!

பூநாரை நாலு அடிக்கு மேல் உயரம் இருக்கும். குச்சிக் கால், பாம்பு போல் வளையும் கழுத்து, நடுவில் ஒடிந்தது போல் வளைந்த மூக்கு.

அது சாப்பிடும் விதமே வேடிக்கை! தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் வைக்கிறது. நாக்கை பம்பு போல் முன்னும் பின்னும் அசைக்கிறது. தண்ணீர் மூக்குக்குள் வந்து வெளியே போகிறது. மூக்கின் ஓரத்தில் சல்லடை போன்ற அமைப்பு இருக்கிறது. தண்ணீரில் உள்ள சிறு பூச்சிகளும், இறால் போன்ற நுண்ணிய பிராணிகளும், பாசியும் அந்தச் சல்லடையில் தங்கிவிடும். அதுதான் ஆகாரம்.

இளஞ்சிவப்பு நிறம் எங்கிருந்து வந்தது? சாப்பாட்டில் இருந்துதான்! காரட்டுக்குச் சிவப்பு நிறம் கொடுக்கும் சாயத்தின் இனத்தைச் சேர்ந்த சாயம் அந்தப் பாசியிலும் பிராணிகளிலும் இருக்கிறது. அதைத் தின்னத் தின்னச் சிறகில் நிறம் ஏறுகிறது. பூநாரைக் குஞ்சு சாம்பல் நிறமாகத்தான் இருக்கும்.

கோடியக்கரையில் பூநாரை குடித்தனம் நடத்துவதில்லை. சாப்பிட வருகிறது, அவ்வளவுதான். இந்தியாவில் பூநாரைகள் பெருங்கூட்டமாகக் கூடு கட்டும் இடம், குஜராத்தில் உள்ள கட்ச் உப்புப் பாலைவனம். சேற்றைக் குவித்து, மேடை போல் கட்டி, அதன்மேல் ஒரே ஒரு முட்டை இடும்.

கைதட்டல்

நாங்கள் ஒரு கருவேலம் புதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அப்போது, தூரத்தில் கார் ஒன்று வந்து நின்றது. ஐந்து இளைஞர்கள் இறங்கினார்கள். எல்லார் கையிலும் செல்போன். ஒருவரிடம் நல்ல காமிராவும் இருந்தது.

பூநாரைகள் குனிந்து மேய்ந்துகொண்டே இருந்தன. குனிந்த பறவை படத்துக்கு நன்றாக இருக்காது என்று அவர்கள் நினைத்தார்கள் போலும். ஒருவர் கை தட்டினார். இன்னொருவர் "ஏய்!" என்று கத்தினார்.

அவ்வளவுதான். பூநாரைகள் தலையைத் தூக்கின. தண்ணீரின் மேல் தட தடவென்று ஓடின. எழும்பின. சிறகின் அடியில் இருந்த சிவப்பும் கறுப்பும் வானத்தில் விரிந்தன. கண்கொள்ளாக் காட்சி! இல்லை என்று சொல்லமாட்டேன். இளைஞர்கள் ஆசை தீரப் படம் எடுத்தார்கள்.

காவலர் வானத்தைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பறவைகள் இரண்டு தடவை வட்டம் அடித்தன. வெகு தூரத்தில் போய் இறங்கின. இறங்கிய பிறகும் மேயவில்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. முதல் பறவை தண்ணீரில் தலையை வைத்தபோது, நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

"அவங்களுக்கு ஒரு படம் கிடைச்சுது சார். அதுங்களுக்கு ஒருவேளைச் சாப்பாடு போச்சு" என்றார் காவலர்.

பிறகு எழுந்து அவர்களிடம் போனார். அதட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"ஒரு தடவை பறந்தா என்ன பெரியவரே, ஆகிடப் போகுது?" என்று கேட்டார் ஒரு பையன்.

"நீங்க ஒரு தடவை தம்பி. நேத்து வந்தவங்க ஒரு தடவை. நாளைக்கு வர்றவங்க ஒரு தடவை. உங்களுக்கு ஒண்ணு. அதுக்கு எத்தனைன்னு கணக்குப் பாருங்க."

பையன் பதில் பேசவில்லை.

காசு கனத்தில் ஒரு பயணி

ஐந்து பேரில் இரண்டு பேர் காருக்குத் திரும்பிவிட்டார்கள். மூன்று பேர் எங்களோடு வந்து புதர் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். செல்போன் சத்தத்தை நிறுத்திவிட்டார்கள்.

பூநாரைகள் திரும்பி வரவில்லை. ஆனால், சிறிது நேரத்தில் வேறு விருந்தாளிகள் வந்தார்கள். குருவி அளவில், பழுப்பு நிறத்தில், சேற்றில் குடுகுடு என்று ஓடும் சிறு பறவைகள். நாங்கள் அசையாமல் இருந்ததால், பத்தடி தூரத்துக்கே வந்துவிட்டன!

இவற்றுக்குக் கொசு உள்ளான் என்று பெயர். பெயருக்கு ஏற்ற உடம்பு. ஐந்தாறு ரூபாய் நாணயங்களை உள்ளங்கையில் வைத்தால் என்ன கனமோ, அதுதான் இதன் கனம்.

இந்தப் பறவை முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது எங்கே தெரியுமா? வட துருவத்தை ஒட்டிய ரஷ்யப் பனி நாட்டில்! அங்கே கோடைகாலம் சில வாரங்கள்தான். குஞ்சு வளர்ந்ததும் தெற்கே கிளம்பிவிடும். பல ஆயிரம் கிலோ மீட்டர் பறந்து இங்கே வரும். கோடை தொடங்கும்போது மறுபடியும் அத்தனை தூரமும் திரும்பிப் போகும்.

வழிச்செலவுக்கு என்ன செய்யும்? உடம்பிலேயே சேமித்துக்கொள்கிறது!

நாம் மாதம் மாதம் சீட்டுக் கட்டுவது போல, இந்தப் பறவை தினம் தினம் கொழுப்பைச் சேர்க்கிறது. சேற்றில் உள்ள புழுவும் பூச்சியும்தான் வரவு. பறப்பது எல்லாம் செலவு. ஊருக்குப் புறப்படும்முன், சில கரைப் பறவைகளின் எடை பாதிக்கு மேல் கூடிவிடும். அந்தக் கொழுப்பை எரித்துத்தான் இரவும் பகலும் பறக்கின்றன.

இப்போது அந்தக் கைதட்டலை நினைத்துப் பாருங்கள். நாம் ஒரு தடவை விரட்டினால், வரவு நின்றுபோகிறது, செலவும் கூடுகிறது. சீட்டுப் பணத்தில் கை வைத்தது போலத்தான்! சேமிப்புக் குறைந்த பறவை நடுவழியில் என்ன செய்யும்? கடன் கேட்க அதற்கு யார் இருக்கிறார்கள்?

அந்த மூன்று இளைஞர்களும் உள்ளானைப் படம் எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் செல்போனையும் மடியில் வைத்துவிட்டார்கள். சும்மாவே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காலில் ஒரு வளையம்

"ரஷ்யாவில் இருந்து வருகிறது என்று எப்படித் தெரியும்? பறவை வந்து சொல்லிற்றா?" என்று நீங்கள் கேட்கலாம்.

ஆம், அதன் கால் சொல்லுகிறது!

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கோடியக்கரையில் ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறார்கள். பறவை அறிஞர் சலீம் அலி 1960-களிலேயே இந்த இடத்தின் அருமையை எடுத்துச் சொன்னார். கழகத்தார் வலையில் பறவையைப் பிடிப்பார்கள். எடை பார்ப்பார்கள். காலில் மெல்லிய உலோக வளையம் ஒன்றை மாட்டுவார்கள். அதில் ஒரு நம்பரும், கழகத்தின் பெயரும் இருக்கும். பிறகு பறக்க விட்டுவிடுவார்கள்.

அந்தப் பறவை வேறொரு நாட்டில் யார் கையிலாவது அகப்பட்டால், நம்பரைப் பார்த்துத் தகவல் அனுப்புவார்கள். அப்படித்தான் பறவைகளின் பாதை தெரிய வந்தது. எங்கேயாவது வளையம் போட்ட பறவையைக் கண்டால், நீங்களும் நம்பரைக் குறித்து வன இலாகாவுக்குச் சொல்லலாம்.

கரைப் பறவைகள் முன்பு வந்த அளவுக்கு இப்போது இங்கே வருவதில்லை என்றும் ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். தண்ணீரின் உப்பும் ஆழமும் மாறினால், இரை மாறிவிடும். ஆழம் சற்றுக் கூடினாலும் உள்ளானுக்குக் கால் எட்டாது.

"அந்தக் காலத்திலே கூட்டம் எழும்பினா, மேகம் மறைச்ச மாதிரி இருக்கும் சார்" என்றார் காவலர். தண்ணீரும் இரையும் குறையும்போது, இருக்கிற இரையையாவது நிம்மதியாகத் தின்னவிட வேண்டாமா?

வழிகாட்டிய தமிழர்

காட்டு உயிர்களைப் படம் பிடிப்பதில் நமக்கு வழிகாட்டிய தமிழர் ஒருவர் உண்டு. அவர் பெயர் மா. கிருஷ்ணன். "பத்மாவதி சரித்திரம்" நாவல் எழுதிய அ. மாதவையாவின் மகன். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தார்.

அவர் எடுத்தவை கறுப்பு வெள்ளைப் படங்கள். பல பாகங்களைத் தாமே சேர்த்து அமைத்துக்கொண்ட கனமான காமிராவைத் தூக்கிக்கொண்டு காடு காடாக அலைந்தார். கல்கத்தா "ஸ்டேட்ஸ்மன்" பத்திரிகையில், 1950 முதல் 1996-ல் காலமாகும் வரையில் இயற்கையைப் பற்றி எழுதிவந்தார். 1970-ல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றார்.

இன்று நம் சட்டைப் பையில் உள்ள செல்போன் ஒரு நிமிடத்தில் நூறு படம் எடுக்கும். அவருக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் பிலிம் செலவு. ஆகவே காத்திருந்து, பார்த்து, பிறகுதான் எடுக்கவேண்டும். கருவி மாறிவிட்டது. காத்திருப்பது மட்டும் மாறவில்லை.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

பள்ளிக்கூட விடுமுறையில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். போகும்போது இவற்றை நினைவில் வையுங்கள்:

1. வன இலாகா அனுமதி பெற்று, உள்ளூர் வழிகாட்டியோடு போங்கள்.

2. விடியற்காலை அல்லது மாலையில் போங்கள். அப்போதுதான் விலங்குகள் நடமாடும். படத்துக்கும் நல்ல வெளிச்சம். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

3. மண் நிறம், இலை நிறத்தில் சட்டை போடுங்கள். கண்ணைப் பறிக்கும் வர்ணம் வேண்டாம்.

4. பறவை மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினால், "போதும், நில்" என்று உங்களிடம் சொல்லுகிறது என்று அர்த்தம். அங்கேயே நின்றுவிடுங்கள்.

5. கை தட்டாதீர்கள். கல் எறியாதீர்கள். கூட்டுக்கு அருகே போகாதீர்கள்.

6. குரங்குக்குத் தின்பண்டம் போடாதீர்கள். பிச்சைக்குப் பழகிய குரங்கு காட்டை மறந்துவிடும். சாலையில் அடிபட்டுச் சாகும்.

7. பாலிதீன் பையைத் திருப்பி எடுத்து வாருங்கள்.

8. காமிரா இல்லையே என்று கவலைப்படாதீர்கள். பார்த்த பறவையின் மூக்கு, கால், நிறம் மூன்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் குழந்தைகளுக்குக் கொடுங்கள். அதுவும் ஒரு படம்தான்.

வீட்டுக்கு வந்த விருந்தாளியின் இலையை, பாதிச் சாப்பாட்டில் எடுப்பவர்கள் தமிழ்நாட்டில் கிடையாது. கோடியக்கரையில் இலை போட்டிருப்பது கடல். விருந்தாளி வெகு தூரத்தில் இருந்து வந்திருக்கிறது. வெகு தூரம் திரும்பிப் போகவேண்டும்.

அது வயிறாரச் சாப்பிடட்டும். நாம் தள்ளி நின்று பார்ப்போம்.